குழி தோண்டாத வீடு

அக்கா வீட்டுக் கூரையைச் சுமத்ரா காற்று இரண்டாவது தடவை கழற்றிக்கொண்டு போனபோது, மலாக்கா டவுனில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அக்கா மாடுகளை விற்றுவிட்டு, டவுனில் காஜா பெராங்கில் என் அறைக்குப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்தக் காற்று எப்போதும் விடியற்காலையில்தான் வரும். நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேகம் கறுப்புச் சுவர் மாதிரி எழுந்து வரும். அரை மணி நேரம் அடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் போய்விடும். கூரையைத் தேடுவது நம் வேலை.

அக்கா இருந்தது செமாபோக்கைத் தாண்டிக் கடலோரத்தில், மலாய் மீனவர்களின் கிராமமான கம்பம் ஒன்றில். மச்சான் இறந்த பிறகு மூன்று மாடு வைத்துக்கொண்டு டவுனுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தாள். டவுனில் மாடு கட்ட இடம் கிடையாது. மாடு இல்லையென்றால் அவளுக்கு என் சம்பளம்தான் கதி. என் சம்பளத்தைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை.

நிலம் ஒரு தவுக்கேயுடையது, அதாவது சீன முதலாளியுடையது. தென்னைகளுக்கு நடுவே வீடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் மண்ணில் எதையும் ஊன்றக் கூடாது. குழி தோண்டிக் கால் நட்டாலோ, சிமெண்டு ஊற்றினாலோ, அன்றே காலி செய்ய வேண்டும். ஊன்றியவன் பிறகு கிளம்ப மாட்டான் என்று அவருக்குப் பயம். ஆகவே அங்கிருந்த வீடுகளெல்லாம் கல்லின்மேல் கால் வைத்து, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. மலாய்க்காரர்களுக்கு அது பழக்கம்தான். இடம் மாறவேண்டி வந்தால் கம்பமே கூடி, வீட்டுக்கு அடியில் மூங்கில் கொடுத்து, தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். காற்றும் அந்த வசதியைத் தெரிந்துவைத்திருந்தது.

அது ஊரெல்லாம் மெர்டேக்கா பேச்சாக, சுதந்திரப் பேச்சாக இருந்த காலம். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் கொடியின் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். சொந்தக்காரர்கள் சொல்லியனுப்பிய யோசனையை நான் அக்காவிடம் சொன்னபோது, அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெள்ளைக்காரனே கெளம்பப் போறான். நான் ஏன்டா கெளம்பணும்?"

"அவனுக்குப் போக ஊர் இருக்குக்கா."

"எனக்கு இதுதான் ஊரு. நீதான் பெரிய இஞ்சினியராச்சே, காத்துல போகாத மாதிரி ஒரு வீடு போட்டுக் குடு."

நான் இஞ்சினியர் இல்லை. ஒரு காண்ட்ராக்டரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். வரைந்ததெல்லாம் பெரும்பாலும் கடைவீட்டுக் கக்கூஸ்கள். ஆனாலும் உறவுக்குள் எனக்கு அந்தப் பட்டம் இருந்தது. நானும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

முதல் யோசனை எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. மண்ணில்தானே ஊன்றக் கூடாது? தென்னை ஏற்கெனவே ஊன்றியிருக்கிறதே. புதுக் கூரையின் நான்கு மூலைகளையும் படகுக் கயிற்றால் நான்கு தென்னைகளோடு இழுத்துக் கட்டினேன். பக்கத்து வீட்டு மீனவர் ஒருவர், அபாங், அதாவது அண்ணன், என்று நாங்கள் கூப்பிடுவோம், நெடுநேரம் கைகட்டி நின்று பார்த்தார்.

"வீடு மேயப் போயிடும்னு பயமா?" என்று மலாயில் கேட்டார்.

அடுத்த காற்றில் நான்கு தென்னைகளும் ஆளுக்கொரு பக்கம் ஆடின. கூரையைச் சொத்து மாதிரி பாகம் பிரித்துக்கொண்டன. விடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு மரத்திலும் அதனதன் பங்கு தொங்கிக்கொண்டிருந்தது. கூரை போன கையோடு வீடும் கல்லிலிருந்து வழுக்கிச் சாய்ந்திருந்தது. அக்கா நனைந்த சேலையைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தாள்.

"காத்து மட்டும் வந்தப்ப கூரைதான் போச்சு. நீ வந்ததுல வீடும் போச்சு."

சாய்ந்த வீட்டைச் சுற்றி வந்தேன். மூன்று மூலை வழுக்கியிருந்தது. நாலாவது மூலை மட்டும் தன் கல்லின்மேல் அப்படியே நின்றது.

"இந்த மூலையில என்னக்கா இருந்துச்சு?"

"அடுப்படி. ஆட்டுக்கல்லு."

நான் குனிந்து அந்த ஆட்டுக்கல்லைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

"எல்லா மூலையிலயும் ஆட்டுக்கல்லு வச்சா?" என்றேன்.

"நாலு கல்லுல ஆட்டுறதுக்கு எனக்கு எத்தனை கை? வேற கனமா ஏதாவது வை. ஆனா ஒண்ணு, நாளைக்கே தவுக்கே போன்னு சொன்னா, எடுத்துக் கீழ வச்சிட்டு வீட்டைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்."

காற்றுக்குக் கனமாகவும் கம்பத்து ஆட்களுக்கு லேசாகவும் ஒரு வீடு. காண்ட்ராக்டர் எனக்கு இப்படி ஒரு கணக்கைக் கொடுத்ததே இல்லை. கக்கூஸ் பிளானின் பின்பக்கத்தில் வரைந்தேன், அடித்தேன், மறுபடி வரைந்தேன்.

உயரமான முகப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது காற்றுக்கு நாமே பிடித்துக் கொடுக்கும் படகுப் பாய். நான்கு பக்கமும் சரியும் தாழ்ந்த கூரை. அத்தாப்பு ஓலையை வரிச்சோடும், வரிச்சைக் காலோடும், காலைத் தரை உத்திரத்தோடும் பிரம்பால் விடாமல் பிணைப்பது. காற்று எடுத்தால் முழு வீட்டையும் எடுக்கட்டும், கூரையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகக் கூடாது. அந்த முழு வீட்டையும் எடுக்க முடியாதபடி, தரைக்கு அடியில் மூங்கிலால் ஒரு பரண். பரண் நிறைய எண்ணெய் டின்கள். டின் நிறையக் கடற்கரை மணல். மணலுக்கு யாரும் விலை கேட்பதில்லை.

காலி டின்னுக்காக ஜாலான் பெண்டஹாராவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு மளிகைக்காரர் இத்தனை டின் எதற்கு என்று விசாரித்தார். வீடு பறக்காமல் இருப்பதற்கு என்றேன். அவர் டின்னைக் கொடுத்துவிட்டு, வெயிலில் அதிகம் அலைய வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்.

அபாங்கும் அவர் கூட்டாளிகளும் பிரம்பு கட்டிக் கொடுத்தார்கள். மணல் நிரப்பியது அக்கா. வீடு எழுந்து நின்றபோது, குனிந்து முட்டை அடைகாக்கும் கோழி மாதிரி இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். "சிரிச்சிட்டுப் போகட்டும். பாலு கேட்டு வருவாங்கல்ல, அப்ப பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

காற்று வந்த விடியற்காலையில் நான் காஜா பெராங்கில் என் அறையில் படுத்திருந்தேன். தலைக்கு மேல் ஏதோ உறுமியது. கண்ணைத் திறந்தால் வானம் தெரிந்தது. என் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த தகரம் போய்விட்டிருந்தது. பாதுகாப்பான இடம் என்று சொந்தக்காரர்கள் அக்காவுக்குப் பார்த்துவைத்த பக்கத்து அறைக்கும் அதே கதிதான்.

சொட்டச் சொட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு செமாபோக் பக்கம் ஓட்டினேன். வழியெல்லாம் மரக்கிளை. இடிந்த வீட்டைப் பார்க்க மனதைத் தயார் செய்துகொண்டே போனேன். போய்ப் பார்த்தால் வீடு அப்படியே இருந்தது. அக்கா மாட்டுக்கு அடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டா இப்படி நனைஞ்சிருக்க?"

"என் கூரை போச்சுக்கா."

அவள் சிரித்த சிரிப்பில் மாடு காலை மாற்றி வைத்தது.

வெயில் ஏறிய பிறகு தவுக்கேயிடம் கணக்கு எழுதும் கிராணி வந்தார். கம்பத்தில் பாதி வீடுகள் கூரையில்லாமல் நிற்க, அக்கா வீடு முழுசாக நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. கல்லைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்தார்.

"ஊனியிருக்கீங்க."

"இல்லீங்க கிராணி ஐயா."

"ஊனாம எப்படிம்மா நிக்கும்? அந்த டின்னுக்கு நடுவுல கால் எறங்கியிருக்கு. தவுக்கேகிட்ட சொல்லிடுவேன். இந்த வாரமே காலி பண்ண வேண்டியிருக்கும்."

"மேல ஏறிப் பாருங்க. பலகையைத் தூக்கிப் பாருங்க" என்றாள் அக்கா. கிராணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அவருக்குக் குடிக்கச் சூடாகப் பாலும் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, அபாங்கைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

டின்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தன. மூங்கில்கள் உள்ளே போயின. கூரையில்லாத வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து தோள் கொடுத்தார்கள். அன்று அவர்களுக்கும் கோபத்தைக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அபாங் குரல் கொடுத்ததும் வீடு எழுந்தது. கிராணியும் கூடவே எழுந்தார்.

"ஏய், என்னப்பா பண்றீங்க? ஆள் இருக்கேன் உள்ள."

"கால் எறங்கியிருக்கான்னு பாக்குறோம் ஐயா. உங்களுக்கு அங்கிருந்து தெரியுதா?" என்று நான் கேட்டேன். நானும் ஒரு மூங்கிலுக்கு அடியில்தான் நின்றேன். என் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஒரு கை போகுமளவு இடைவெளி இருந்ததாக அபாங் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்கா இப்போது வீட்டுக்கு முன்னால் நடந்தாள். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம். சமையக்கட்டுலேருந்து மாட்டுக் கொட்டாய் தெரியணும்." கல்லையும் நகர்த்தச் சொல்லி, தனக்கு வேண்டிய இடத்தில் வீட்டை இறக்கிவைத்தாள். பழைய இடத்தில் கல் அழுந்திய தடம் மட்டும் இருந்தது. ஒரு குழி இல்லை.

கிராணி சட்டையில் சிந்திய பாலைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். தடத்தைப் பார்த்தார்.

"ஊனல" என்றார்.

"தவுக்கேகிட்ட இதே மாதிரி சொல்லுங்க. மறந்துட்டா மறுபடியும் தூக்கிக் காட்டுறோம்" என்றாள் அக்கா.

அவர் மறக்கவில்லை போலிருக்கிறது. காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை.

அன்று மாலையே அபாங் தன் வீட்டுக்கும் ஒரு பிளான் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். ஜாலான் பெண்டஹாரா மளிகைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதும் டின்களை எடுத்து வாசலில் வைக்க ஆரம்பித்தார். என் அறைக்கு வீட்டுக்காரர் தகரம் போட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால், நான் அக்கா வீட்டிலேயே தங்கினேன். வாடகையாகச் சாணி அள்ளினேன்.

மறுபடி ஒரு விடியற்காலையில் நீரிணைக்கு மேலே கறுப்புச் சுவர் எழுந்தது. நான் வழக்கம்போல எழுந்து ஓடத் தயாரானேன். அக்கா பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள்.

"படுத்துத் தூங்குடா. அது வர்ற நேரத்துக்கு வந்துட்டுப் போகட்டும்."