மஞ்சள் கன்னத்து ஆமை

கொள்ளிக்கட்டை ஆமையின் பின்புறத்தில் படும்போது எழும் வாசனை, வெட்டிய நகத்தை அடுப்பில் போட்டால் வருமே, அதே வாசனைதான். அதோடு ஈரச் சேறு கருகும் வாடையும் கலந்திருந்தது. ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட தலையை வெளியே வரவைக்க எங்கள் எஸ்டேட்டில் தெரிந்த ஒரே வழி அதுதான். பின்னால் சுட்டால் முன்னால் தலை வரும். அன்று கொள்ளியைப் பிடித்திருந்த கை என்னுடையது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். கொடைக்கானலை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பழைய சாமான்களோடு விற்ற தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். பாம்பு, ஓணான், ஆமை எல்லாம் படத்தோடு இருக்கும். கூலியாட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் எந்தப் பாம்பை அடித்தாலும் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் சொல்வேன். பெரியவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெருமை செல்லவில்லை. அங்கே யோகம் இருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு எங்கள் எஸ்டேட்டுக்கு வந்துசேர்ந்த மாரிமுத்துவின் மகள். அப்படி வந்தது அந்த ஒரு குடும்பம்தான். தண்ணீர் விழும் குழாயைப் "பீலி" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்வோம். எங்கள் வாத்தியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்விக்குப் பதில் தெரிந்தவர், தெரியாதவர்கள் தலையில் குட்ட வேண்டும். யோகத்தின் குட்டு மற்றப் பையன்களுக்கு "ணங்" என்று விழும். என் தலையில் மட்டும் மெல்லத் தொட்டுவிட்டுப் போவாள். ரைட்டர் மகன் என்ற பயமோ, பாவம் என்ற இரக்கமோ, தெரியாது. "என்னலே, தடவிக் குடுத்துட்டுப் போறா?" என்று பையன்கள் சிரித்தார்கள். ஓங்கிக் குட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த வருடம், ஆட்களை வேலைக்கு வைக்கும் மேஸ்திரி சின்னச்சாமியின் வீட்டு அடுப்படியில் ஓர் ஆமை வந்து கிடந்தது. இரண்டாம் நாள் அவருடைய கறவை மாடு செத்தது. வீட்டுக்குள் ஆமை வருவது ஆகாது என்ற நம்பிக்கை எங்கும் உள்ளதுதான். எங்கள் தோட்டத்தில் அதற்கு ஓர் உட்பிரிவு இருந்தது. பக்கத்து ஓடை ஆமை வழிதவறி வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்து ஓடையிலேயே விட்டுவிடுவார்கள். ஓடையில் இல்லாத ஆமை வந்தால் அது தானாக வந்ததல்ல, கெடுதல் நினைத்து யாரோ கொண்டுவந்து விட்டது. அப்புறம் அந்த யாரோவைத் தேடுவார்கள்.

எங்கள் ஓடை ஆமைகளுக்குத் தலை முதல் வால் வரை ஒரே கறுப்பு. அவற்றைப்போலவே இதற்கும் முதுகில் மூன்று வரப்பு இருந்தது சரிதான். ஆனால் கொள்ளி பட்டதும் நீண்ட தலையைப் பார்த்துக் கூட்டம் பின்வாங்கியது. உச்சியில் மட்டும் விளக்குக் கரியை அப்பியதுபோல் கறுப்பு. இரண்டு கன்னத்திலும் பூசிக் குளித்ததுபோல் மஞ்சள். அதுபோல் ஒன்றை ஒருவரும் பார்த்ததில்லை.

ஒருவர் பார்த்திருந்தார். தேன் கொடுக்க வந்திருந்த மலைக்குடிப் பளியர் நாகன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மேக்காலச் சாமானுங்க சாமி. மலையாளத்துக் காட்டு ஓடையில கெடக்கும். மரம் அறுக்க வந்தவங்க கொழம்பு வைக்கச் சாக்குல கொண்டாந்திருப்பாங்க, தப்பிச்சிருக்கும்."

காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சவுக்கு மரம் அறுக்க வந்த மலையாளத்து ஆட்கள் முந்தின வாரம்தான் வேலை முடிந்து ஊருக்குப் போயிருந்தார்கள். அவர் சொன்னதுதான் நடந்திருக்கும்.

"ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியுமாலே? போயி சோலியப் பாரு" என்றார் மேஸ்திரி. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க பொத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க."

கொள்ளியைக் கீழே போட்டுவிட்டு, கொண்டுவந்திருந்த புத்தகத்தை விரித்தேன். ஆமைப் பக்கத்தைக் காலையிலேயே படித்திருந்தேன். மஞ்சள் கன்னமும் கறுத்த உச்சியும் மலையாளக் கரையின் ஆமைக்கு உரியவை என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதே பக்கத்தில், நான்கு வரி கீழே, இலங்கை ஆமையைப் பற்றியும் இருந்தது. அதற்குத் தலையில் புள்ளிகள்தான். விரலை மேல்வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். தண்ணீர் வாளியோடு யோகம் நின்றிருந்தாள்.

"இலங்கையில இருக்கிற ஆமைன்னு போட்டிருக்கு" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்க தம்பி!" என்றார் மேஸ்திரி. யாரோ, "தலைய இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லுப்பா, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாரிமுத்து கும்பிட்டபடி முன்னால் வந்தார். "நல்லாப் பாருங்க தம்பி. நாங்க கப்பல்ல வாறப்ப ரெண்டு தகரப்பெட்டி, நாலு சட்டிபானை. வேற ஒண்ணுமே கொண்டாரலைங்க."

யோகம் வாளியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொத்தகத்தக் குடுங்க. நான் வாசிக்கிறேன்."

அவள் வாசித்துவிடுவாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். புத்தகத்தை மூடினேன். "கை ஈரமா இருக்கு. நனைஞ்சிரும்."

"மொதல்ல பீலிய மூடிட்டு வரச் சொல்லுங்கப்பா!" என்று ஒருத்தி கத்தினாள். யோகம் இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்தாள். உள்ளங்கையைத் துடைத்தாள், புறங்கையைத் துடைத்தாள், பிறகு இரண்டையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். நன்றாகக் காய்ந்திருந்தன. நான் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

"ஏலே மாரிமுத்து, நாளையிலிருந்து ஒனக்கும் ஒம் பொண்டாட்டிக்கும் பேர் கெடையாது. வெரசா எடத்தக் காலி பண்ணு" என்று மேஸ்திரி சொன்னது வழியிலேயே காதில் விழுந்தது. பேர் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் லயத்தில் வீடும் இல்லை. மறுநாள் வெள்ளனே ஜீப் வந்தது. கொண்டுவந்தவன் கையோடு போகட்டும் என்று ஆமையை ஒரு டின்னில் போட்டு மாரிமுத்துவின் மடியில் வைத்தார்கள். பின்கால் இரண்டும் வெந்துபோயிருந்த அந்த ஆமை டின்னைப் பிறாண்டிக்கொண்டே போனது. எங்கள் பள்ளியிலிருந்து உதவித்தொகைப் பரீட்சைக்குப் பேர் கொடுத்திருந்தவர்கள் இரண்டு பேர். நான் மட்டும் எழுதினேன். அந்தப் பணத்தில் படித்தேன். விலங்கியல் ஆசிரியராக ஓய்வுபெற்றேன்.

அந்த லயங்கள் இன்று இல்லை. அந்த இடத்தில் சுற்றுலா விடுதி இருக்கிறது. ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு விடுதிக்கு எடுக்கிறார்கள். கறுப்பு ஆமையைக்கூடப் பார்த்துப் பல வருடமாயிற்று என்கிறார் காவல்காரர். மேஸ்திரி போய்விட்டார், நாகனும் போய்விட்டார். புத்தகத்தை நானே எடைக்குப் போட்டேன். இனிக் கேட்பதற்கு ஆளில்லை என்ற நிம்மதி எனக்கு இருந்தது, வெளியே சொல்ல வெட்கமான நிம்மதி. போன வருடம் கோத்தகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்வரை அது இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"நாங்களும் சின்னதுல அங்கிட்டுத்தான் சார் இருந்தோம். ஒரு ஆமையால வெளிய வந்தோம்" என்று சிரித்தார். யோகத்துக்கு ஒரு கைக்குழந்தைத் தம்பி இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. "அப்பா சாகுற வரைக்கும் ஒரு வீட்டுலருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுறப்பல்லாம் அந்தத் தகரப்பெட்டிய கவுத்துத் தட்டிப் பாப்பாரு சார். நமக்குத் தெரியாம இதுலதான் வந்திருக்கும், பொத்தகத்துலயே போட்டிருக்குல்லன்னுவாரு. அந்தப் பய பொய் சொன்னான்னு அக்கா ஒருக்காச் சொல்லிருச்சு. படிச்ச பிள்ளையப் போயி அப்பிடிப் பேசுவியான்னு வெளக்கமாத்தால அடிச்சிட்டாரு. அப்புறம் அக்கா பள்ளிக்கூடமே போகல."

"அக்கா இப்போ எங்கே?"

"இங்கதான் சார், கொழுந்து பறிக்கப் போயிருக்கு. அஞ்சு மணிக்கு வந்துரும். உங்க ஊரு ஆளப் பாத்தாச் சந்தோசப்படும். இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

மணி அப்போது மூன்றரை. நான்கு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.