பிளான் கீறுகிறவளின் இலவச மாதம்

வீட்டுப் பிளான் கீறுகிற தொழிலில், வாடிக்கையாளரின் வீட்டுக்கு முன்னால் மென்பொருள்காரனின் வீட்டுக்குத்தான் நாம் கல் எடுத்துக் கொடுக்கிறோம். என்னைப் போலச் சொந்தத் தொழில் தொடங்கி, கணினித் திரையின் மூலையில் "இலவசக் காலம் முடிய இன்னும் இத்தனை நாள்" என்ற வரியைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம், தடையில்லை.

நான் புத்தளத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். சீமெந்து வாங்க வருகிறவர்கள் பழைய கடுதாசியில் கீறிய வீட்டைக் காட்டி, எத்தனை மூட்டை போகும் என்று கேட்பார்கள். அந்த வீட்டைக் கணினியில் கட்டிக் காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிரதேச சபை அனுமதிக்குப் போகிற வரைபடத்தைத் தகுதியான படவரைஞர் ஒருவர் செய்வார். அறைகளையும் சமைக்கிற குசினியையும் உள்ளே போய்ப் பார்ப்பதுபோல் காட்டுவது என் வேலை.

உப்பு லொறி ஓடுகிற என் வீட்டுக்காரர், எங்கள் பேச்சில் மாப்பிள்ளை, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இலவச மாதம் முடிவதற்குள் அந்த மென்பொருள் தன் விலையைத் தானே உழைத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் நான் பழையபடி கடைக்குப் போக வேண்டும். முதலாளியும் அதுவரை என் கதிரையைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த அன்புக்குப் பயந்தே நான் விடியுமுன் எழும்பிக் கணினியைத் திறந்தேன்.

கூரையில் வெள்ளை

பாடம் எல்லாம் இணைய வீடியோவில்தான். கற்றுத்தருகிற வெள்ளைக்காரர் மூச்சு விடாமல் பேசுவார். அவரை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுத்து வந்து பார்த்தால், எந்தப் பொத்தானை அமத்தினார் என்பது மறந்திருக்கும். மறுபடி முதலில் இருந்து கேட்பேன். சுவர் எழுப்பப் பழகவே முதல் வாரம் போய்விட்டது.

முதல் வாடிக்கையாளர் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஹனிபா நானா; நானா என்றால் எங்களுக்கு அண்ணன். அவருடைய வீட்டை முழுக்கக் கட்டி முடித்து, பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினேன். பருவகாலத்துக்கு என்று அதில் ஒரு பொத்தான் இருப்பது எனக்குத் தெரியாது. எப்போதோ கைபட்டு அது பனிக்காலத்துக்குப் போயிருக்கிறது. ஓடு தெரியாத அளவுக்கு வெள்ளை. வாசலில் ஊசியிலை மரம் வேறு. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "தங்கச்சி, வீடு நல்ல வடிவு. ஆனா என்ட கூரையில ஏன் உப்பைக் காயப் போட்டிருக்கீங்க?"

சாப்பாடு போடுகிற ஆள்

உடப்பில் இருந்து செல்வி என்றொரு பெண் வந்தாள். புருஷன் கடலுக்குப் போயிருந்ததால் வீட்டு விஷயம் அவள் பொறுப்பு. மென்பொருளில் வீட்டு மாதிரி ஒன்றைத் தெரிவுசெய்தால் கார் விடுகிற இடமும் சேர்ந்தே வந்துவிடும். காரே இல்லாதவர்களுக்கு அது எதற்கு என்று அதை அழித்து, அந்த இடத்தை வரவேற்பறை ஹோலோடு சேர்த்தேன். புத்திசாலித்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செல்வி படத்தை மேலும் கீழும் பார்த்தாள். படகு கரையில் கிடக்கும்; அதன் என்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதை வைக்க இடம் எங்கே என்று கேட்டாள். மென்பொருளின் சாமான் அலுமாரி முழுக்கத் தேடினேன். பியானோ மூன்று வகை இருந்தது, படகு என்ஜின் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியை வைத்து, இதை என்ஜின் என்று நினைத்துக்கொள் என்றேன். அதையும் ஹோல் மூலையில்தான் வைத்தேன். செல்விக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "அக்கா, எங்கட வீட்டுல எல்லாருக்கும் சோறு போடுறது அதுதான். முதல்ல அதுக்கு ஒரு பூட்டுப் போட்ட அறை கீறுங்க, பிறகு நாங்க எங்கயும் படுத்துக்குவம்."

ஜெஸீமா மாமியின் போன்

இதுவரை வந்த இரண்டும் சின்ன வேலை. மென்பொருளின் விலையைத் தரக்கூடிய வேலை ஜெஸீமா மாமியுடையது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து கைக்குழந்தையோடு வந்தவர். அன்றில் இருந்து கூடாரம், கிடுகுக் கொட்டில், வாடகை வீடு என்று மாறி மாறி இருந்துவிட்டு, இப்போதுதான் மகன்மார் தலையெடுத்துச் சொந்தக் காணியில் கல்வீடு கட்டப் போகிறார். மூன்று அறை, இரண்டு குசினி. இந்த வேலை கிடைத்தால் நான் தப்பினேன்.

என் மென்பொருளில் கழிப்பறைக் கொமட்டை உள்ளே விட்டால் அது தானாகவே பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு வசதி என்று நானும் விட்டுவிட்டேன். மாமி படத்தைப் பார்த்தார். கைப்பையில் இருந்து போனை எடுத்து, மக்காத் திசையான கிப்லாவைக் காட்டுகிற முள்ளைத் திறந்து மேசையில் வைத்தார். பிறகு என் லெப்டொப்பைப் பிடித்து, படத்து வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றாகும்வரை மெதுவாகத் திருப்பினார். தொழுகிற திசையைப் பார்த்துக் கழிப்பறையில் இருக்கக் கூடாது; கொமட் நேராகக் கிப்லாவைப் பார்த்தது. ஐந்து நேரமும் தொழுகிறவள் கீறிய பிளான் இது! நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. மாமி போனைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாந்தமாகச் சொன்னார்: "இப்பிடியே கட்டினா, எனக்கும் அல்லாஹ்வுக்கும் சரிவராது மகள்."

பென் டிரைவில் வந்த உதவி

அன்றைக்குத்தான் விலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே ஓராண்டு விலை டொலரில் இருந்தது. அதை ரூபாயாக்கிப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன்.

கணினி திருத்துகிற தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்து, அதே மென்பொருளின் பூட்டுடைத்த பிரதியைப் பென் டிரைவில் நீட்டினார். பால் சேர்க்காத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். பொய் சொல்வானேன், கையும் நீட்டிவிட்டேன். மாப்பிள்ளை அப்போதுதான் லொறியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கதையைக் கேட்டார். சத்தம் போடுவார் என்று பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "கொமட்டைத் திருப்பி வைச்சிட்டு, முழு வீட்டையும் களவுல கீறப் போறியா புள்ள?"

கயிற்று வீடு

பென் டிரைவைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி நடந்தது முழுக்க என் சம்பளக்காரப் புத்தியால் வந்தது. மாதம் என்றால் எனக்கு மாதக் கடைசிதான்; இலவச மாதமோ தொடங்கிய நாளில் இருந்து எண்ணுகிறது. மூலையில் குறைந்துகொண்டே வந்த நாள்களைப் பார்த்தாலே பயம் என்று, கடைசி வாரம் அந்த மூலையில் ஒரு காகிதத்துண்டை ஒட்டி மறைத்துவிட்டேன். மாமிக்கு முடிவான படத்தைக் காட்ட வேண்டிய காலையில் மென்பொருள் திறக்கவில்லை. காசு கட்டச் சொல்லி ஒரு வெள்ளைப் பெட்டி மட்டும் வந்தது. அழுதேன். அழுது முடித்து, அளவுகள் எழுதிய தாளையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு மாமியின் காணிக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

மாமி கொத்தனாரான மேசன் பாஸைக் கூப்பிட்டார். நான் அளவு சொல்லச் சொல்ல அவர் முளை அடித்துக் கயிறு கட்டினார். வெயில் ஏற ஏற, மணலில் ஒரு வீடு கிடந்தது. மாமி கயிற்றைத் தாண்டவில்லை. வாசலுக்கு விட்ட இடைவெளியால் சுற்றி வந்து நுழைந்தார். படுக்கையறையில் கட்டிலின் அளவுக்குப் பலகை போடச் சொன்னார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் ஆகியிருந்தது. கட்டிலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்து, அங்கேயே தொழுதார். நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்குப் போகும்போது தலை பலகையில் முட்டுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முட்டவில்லை. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபிறகும் அவர் எழும்பவில்லை. நெடுநேரம் கையேந்தியபடி இருந்தார், கன்னம் நனைந்திருந்தது. பிறகு முசல்லாவை மடித்து, முற்பணத்தை என் கையில் வைத்து அமத்தினார். "முப்பது வருஷமா ஆக்கள எழுப்பிவிட்டு இடம் எடுத்துத்தான் தொழுதனான். இந்த இடம் போதும் மகள், இதையே கீறு."

காலிக் கதிரை

வீட்டுக்கு வந்து விலைப் பக்கத்தைத் துணிச்சலாக அடிவரை படித்தேன். சிறு தொழில்காரர்களுக்கென்று, மாதா மாதம் கட்டுகிற சின்னப் பதிப்பு ஒன்று அங்கே பேசாமல் இருந்தது! மேல்வரியைக் கண்டு ஓடியவளுக்கு அது எப்படித் தெரியும்? மாமியின் பணத்தில் மூன்று மாதத்துக்குக் கட்டியும் மிச்சம் இருந்தது. அரை நாள் பிந்தியதை மாப்பிள்ளை கணக்கில் எடுக்கவில்லை. மென்பொருள் திறந்தது. என் வீடுகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

முதலாளிக்குப் போன் எடுத்து, இனி வரமாட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபிப்பார் என்று போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் உடனே வியாபாரத்துக்கு வந்தார். "அப்ப அந்தக் கதிரையில வேற ஆளை இருத்துறன். நீ பிளான் கீறுற ஆக்கள் ஒருத்தரையும் விடாம, சீமெந்துக்கு என்ட கடைக்கு அனுப்பு."

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், கட்டி முடித்தபின் வருகிற அந்த நிம்மதியான தூக்கத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருப்பார்.