ஞாயிறு இரண்டிலிருந்து நான்கு வரை

தர்ஷிகாவுக்குப் பதினெட்டு வயது நிரம்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வத்தேகமவுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த பெண் பிள்ளைகள் இல்லத்தில் அன்றும் அவள் மணியடித்தவுடன் ஐந்து மணிக்கு எழுந்தாள். பிறந்தநாள்காரிக்கு அந்த இல்லத்தில் இரண்டு சலுகைகள் இருந்தன. அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. பின்னேரத் தேநீரோடு வெட்டும் பட்டர் கேக்கில் ஓரத் துண்டு அவளுக்குத்தான். ஓரத் துண்டு லேசாகக் கருகி முறுகலாக இருக்கும். ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு மார்ச் மாதமும் அதற்காகக் காத்திருந்தவள், அந்த முறை அதைத் தான் சாப்பிடாமல் தங்கை நிரோஜாவின் கையில் வைத்துவிட்டாள்.

பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று கிடைக்கும். ஒரு சூட்கேஸ். பதினெட்டு முடிந்தவர்களை இல்லத்தில் வைத்திருக்கச் சட்டம் விடாது. பொறுப்பாளர் தவமணி மிஸ் எல்லா ஏற்பாடுகளையும் முன்கூட்டியே செய்திருந்தார். கண்டி நகரத்தில் கொப்பி, பேனை விற்கும் ஒரு காகிதாதிக் கடையில் வேலை, கட்டுகஸ்தோட்டையில் வேறு இரண்டு பெண்களோடு ஒரு போர்டிங் அறை. சூட்கேஸுக்குள் இரண்டு படுக்கை விரிப்புகள், ஒரு துவாய், ஒரு சோற்றுப் பானை. அந்த வார இறுதியிலேயே அவள் புறப்பட்டாள். பதினான்கு வயது நிரோஜா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"ஞாயித்துக்கிழம வந்துருவேன்," என்றாள் தர்ஷிகா.

"வா," என்றாள் நிரோஜா.

இருவரும் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். அப்பா மரம் வெட்டும்போது கிளை விழுந்து இறந்துபோனார். அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். பிள்ளைகளை அத்தையிடம் விட்டுப் போனாள். அத்தைக்கு ஏற்கெனவே நான்கு பிள்ளைகள். ஆறு மாதத்தில் அவள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு இல்லத்து வாசலில் வந்து நின்றாள். அப்போது தர்ஷிகாவுக்கு ஏழு, நிரோஜாவுக்கு நான்குகூட ஆகவில்லை.

அம்மா திரும்பி வந்த பிறகு இரண்டு தடவை பார்க்க வந்தாள். இரண்டாவது தடவை, தான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதைச் சொன்னாள். "கொஞ்ச நாள் பொறுங்க. அவரு மனசு மாறினதும் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள். தர்ஷிகாவுக்கு அப்போது பதினொரு வயது. அதற்குப் பிறகு அம்மா வரவில்லை.

ஞாயிறு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை இல்லத்தில் பார்வையாளர் நேரம். முன்னறையில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு வைப்பார்கள். யாரோ ஒரு பிள்ளையின் மாமா வருவார், சித்தி வருவாள், பிஸ்கட் பையோடு ஒரு தாத்தா வருவார். யாரும் வராத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சமையலறைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தாங்கியின் படிகளில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். முன்னறையை அங்கிருந்து பார்க்க முடியாது. அதற்காகத்தான் முதலில் அங்கே போனார்கள்.

ஆனால் போகப் போக அந்த இரண்டு மணி நேரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. சமையலுக்கு இருந்த பாப்பம்மா அக்கா அடுப்புச் சாம்பலில் பலாக்கொட்டை சுட்டுக் கொண்டுவந்து கொட்டுவாள். ஒருத்தி தலையை இன்னொருத்தி மடியில் வைத்துப் பேன் பார்ப்பாள். கீழே வளைவில் அடுத்து வரப்போகும் பஸ் சிவப்பா, வேறு நிறமா என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னவள் பாட வேண்டும். நிரோஜா வேண்டுமென்றே தவறாகச் சொல்வாள், அவளுக்குப் பாடப் பிடிக்கும். சிரிப்புச் சத்தம் கூடும்போது முன்னறையிலிருந்து மிஸ் வந்து, "ஆட்கள் இருக்காங்க, மெதுவா," என்று சொல்லிவிட்டுப் போவார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர் வந்த பிள்ளைகளே, மாமா எப்போது போவார் என்று பார்த்திருந்து, பிஸ்கட் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவருவார்கள்.

"என்னோட வாழ்க்கையில நான் அவ்வளவு சிரிச்ச இடம் வேற இல்ல," என்று தர்ஷிகா இன்றும் சொல்வாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னபடியே வந்தாள். கேட்டைத் திறந்து, பழக்கத்தில் நேராகச் சமையலறைப் பக்கம் நடந்தாள். தவமணி மிஸ் வராந்தாவிலிருந்து கூப்பிட்டார்.

"தர்ஷிகா, இங்கால வாம்மா. முன்னறையில இரு. தங்கச்சிய அனுப்புறேன்."

"நான் பின்னாலயே போய் இருந்துக்கிறேன் மிஸ்."

"வெளியாட்கள் அங்க போகக்கூடாதும்மா. உனக்குத் தெரியும்தானே."

"போன கிழம வரைக்கும் நான் இங்கதானே மிஸ் இருந்தேன்?"

மிஸ் படியிறங்கி அவளருகே வந்தார். "போன கிழம வரைக்கும்," என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பார்வையாளர் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். பெயர், முகவரி, பிள்ளைக்கு என்ன உறவு. தர்ஷிகா எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொரு வருடங்களில் அந்த முன்னறைக் கதிரையில் அவள் உட்கார்ந்தது இரண்டே தடவைதான். நிரோஜா வந்து எதிரே உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் எப்படி, சாப்பாடு எப்படி என்று தர்ஷிகா கேட்டாள். அவளுக்கே தன் குரல் யாரோ சித்தியின் குரல் போல் இருந்தது. இல்லத்துச் சாப்பாடு எப்படி என்று அவளுக்குத் தெரியாதா? பின்னால் யாரோ பாடும் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். நிரோஜாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பி வந்தது.

"நீ போ. பஸ் வர்ற நேரம்," என்றாள் தர்ஷிகா.

"நீ?"

"நான் கொஞ்ச நேரம் இங்க இருந்துட்டுப் போறேன்."

அப்படியும் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. கடை முதலாளி நஸீம் நானா அக்குறணையைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் தொடங்கும் ஜனவரியில் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அப்போதும் ஒரு மணிக்கே அவளைப் பார்த்து, "போங்க புள்ள, தங்கச்சி பாத்துக்கிட்டு இருப்பா," என்று அனுப்பிவிடுவார்.

தங்கையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க, அவள் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான நன்னடத்தை அலுவலகத்துக்கும் போனாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மூன்று பேர் படுக்கும் போர்டிங் அறையில் பதினைந்து வயதுப் பிள்ளையை விட முடியாது என்றார். "எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு மிஸ்," என்று தர்ஷிகா அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். "அது உங்களுக்குத்தானே முடிஞ்சிருக்கு," என்றார் அதிகாரி.

தர்ஷிகா காத்திருக்கத் தீர்மானித்தாள். கொரோனா வந்து ஊரடங்கு போட்ட மாதங்களில் இல்லத்துக்குள் யாரையும் விடவில்லை. மிஸ்ஸின் தொலைபேசியில் ஞாயிறு தோறும் பத்து நிமிடம் பேசக் கிடைத்தது. அதன் பிறகு ஒரு வருடம் கழித்து அவள் கட்டுகஸ்தோட்டையிலேயே தனியாக ஓர் அறை எடுத்தாள். ஜன்னல் ஓரத்தில் ஒரு கட்டில் போட்டாள். அதில் அவள் படுக்கவில்லை. அது நிரோஜாவுக்கு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆகஸ்டில் நிரோஜாவுக்குப் பதினெட்டு முடிந்தது. பெட்ரோலுக்கு வரிசை நின்ற காலம். பஸ்கள் நினைத்தால் ஓடின, நினைத்தால் நின்றன. தர்ஷிகா பாதித் தூரம் பஸ்ஸிலும் மீதித் தூரம் நடந்தும் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். நிரோஜா சூட்கேஸோடு வராந்தாவில் தயாராக நின்றாள்.

"அக்கா, நான் உன்கூட வரல," என்றாள்.

தர்ஷிகாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அம்மாகிட்டப் போறேன். அம்மா வந்துட்டுப் போனாங்க. மூணு தரம். ஞாயிறு இல்லாம கிழம நாள்ல மிஸ்கிட்டக் கேட்டுட்டு வந்தாங்க. அந்த ஆளு இப்ப அவங்ககூட இல்ல. அவங்க தனியாத்தான் இருக்காங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா போகாதன்னு சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன்! பத்து வருசம் எட்டிப் பாக்காதவங்க. உனக்கு அவங்க மொகம்கூட ஞாபகம் இருக்காதே."

"அதாங்க்கா," என்றாள் நிரோஜா. "உனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு இல்ல."

தர்ஷிகா மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க மிஸ்."

"நான் என்ன சொல்றது," என்றார் தவமணி மிஸ். "அவளுக்கும் பதினெட்டு முடிஞ்சிட்டு."

தர்ஷிகா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பன்வில வழியாக மடுல்கெல்ல போகும் பஸ்ஸுக்கு இருவரும் இரண்டரை மணி நேரம் நின்றார்கள். பஸ் நிரம்பி வழிந்தது. சாரதிக்குப் பக்கத்தில் சூட்கேஸை வைத்து, நிரோஜாவை உள்ளே தள்ளி ஏற்றிவிட்டாள். பஸ் வளைவில் மறையும் வரை நின்றுவிட்டு, கண்டிப் பக்கம் திரும்பினாள். அன்று அந்தக் கட்டிலில் மடித்த துணிகளை அடுக்கி வைத்தாள்.

மூன்று மாதங்கள் அவள் நிரோஜாவோடு பேசவில்லை. ஞாயிறு தோறும் இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். பார்த்துக்கொண்டே இருப்பாள், எடுக்க மாட்டாள். நவம்பரில் ஒரு நாள் எடுத்தாள். நிரோஜா எதுவும் நடக்காதது போல, பருப்பு எப்படித் தாளிப்பது என்று கேட்டாள். இல்லத்தில் நாற்பது பேருக்குச் சமைத்துத்தான் இருவருக்கும் தெரியும். இரண்டு பேருக்குச் சமைக்க எவ்வளவு பருப்புப் போடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லியே அரை மணி நேரம் சிரித்தார்கள்.

அடுத்த தைப்பொங்கலுக்குத் தர்ஷிகா மடுல்கெல்ல போனாள். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் அம்மா நின்றாள். தர்ஷிகாவின் நினைவில் இருந்த அம்மா உயரமானவள். இவள் மகளின் தோள் உயரம்தான் இருந்தாள்.

"வாங்க," என்றாள் அம்மா. பெற்ற மகளை வாங்க என்றாள்.

சாப்பிட்ட பிறகு, நிரோஜா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், தர்ஷிகா பத்து வருடங்களாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "ஏன் வரல?"

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். "வந்தா திரும்ப விட்டுட்டு வரணுமே," என்றாள். "ரெண்டு தரம் விட்டுட்டு வந்தேன். மூணாவது தரம் முடியல."

அது போதுமான பதில் இல்லை என்று தர்ஷிகாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாள். ஆனால் கத்த வேண்டும் என்று நினைத்து வந்தவள் கத்தவில்லை. நிரோஜா குடத்தோடு வந்ததும் எழுந்து போய் இறக்கி வைத்தாள்.

தர்ஷிகாவுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. நஸீம் நானா கடைச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு மதியம் லுஹர் தொழுகைக்குப் போகிறார். நிரோஜா தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. தர்ஷிகா இன்னமும் யாரும் மணியடிக்காமலே ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்ல போகிறாள்.

போன மாதம் அம்மா கண் கிளினிக்குக்காக முதல் தடவையாகக் கண்டிக்கு வந்தாள். தர்ஷிகா அரை நாள் லீவு போட்டுவிட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் காத்திருந்தாள். கிளினிக் முடிந்ததும் அம்மாவை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் அம்மாவுக்குத் தட்டு மங்கலாகத் தெரிந்தது. மீன் துண்டில் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்கம்மா," என்று தர்ஷிகா தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத் திருப்பி வைத்தாள். அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தாள். பிறகு தெருவைக் கடத்தி, பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனாள்.