கோணியில் வந்த மரச்சுருள்

அந்த வருஷம் கைக்குழந்தைக்கு வெந்நீர் போட நான் விறகு வாங்கவில்லை. என் கணவர் தச்சர். கோயில் தேருக்குப் புதுச் சக்கரம் செய்யும் வேலை அவருக்கு வந்திருந்தது. மாலையில் வரும்போது இலுப்பை மரம் இழைத்த சிவந்த சுருள்களைக் கோணி நிறைய அடைத்துக் கொண்டுவருவார்.

பங்குனியில் கோணி பாதியாகக் குறைந்தது. பிறகு அடியில் ஒரு கை அளவுதான் கிடந்தது. கேட்டால், வைகாசித் தேருக்குள் முடிந்துவிடும் என்பார். சுருளை வேறு யாராவது அள்ளிக்கொண்டு போகிறார்களோ, இழைப்பு முடிந்து துளை போடுகிறாரோ என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பள்ளிக்கூடம் முடித்தவள், கட்டியவரைக் கோணியை வைத்து வேவு பார்க்கிறேனே என்றும் கூசும்.

ஒரு நாள் கோணி மறுபடி நிறைந்து வந்தது. நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை அடுப்பில் போட ஒரு பிடி அள்ளினேன். எல்லாம் வெளுத்த சுருள். பலகை அறுத்து இழைக்கும் மில்லில் பொறுக்கிய மாமரச் சுருள்.

குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு தேர்க் கொட்டகைக்குப் போனேன். சக்கரத்துக்கான மரத்தில் பாதி, தொடாமலே கிடந்தது. அவர் உளியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உளியின் முனை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கை நிக்க மாட்டேங்குது. மாசியிலேர்ந்தே இப்பிடித்தான் இருக்குது," என்றார். "எங்கண்ணன் காதுல போட்டுடாத. வேலைய வாங்கிக்குவாரு."

"தேரு ஓடலன்னா உங்களத்தானங்க சொல்லுவாங்க?"

"கொழந்தைய ஏம்மா வெயில்ல தூக்கிக்கினு வந்த?" என்றார்.

அவருடைய அண்ணனும் தச்சர்தான், வாலாஜாபாத்தில். சொன்னால் இவர் மனம் உடையும். சொல்லாவிட்டால் ஊர்ப் பழி முழுக்க இவர் தலையில் விழும். பஸ் ஏறிய பிறகும் இறங்கிவிடலாமா என்றுதான் இருந்தது. போய்ச் சொன்னேன். அண்ணன் ஆட்களோடு வந்து சக்கரத்தை முடித்தார். என் கணவர் உளிகளைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்.

தேர் எங்கள் தெருமுனையில் திரும்பியபோது அவர் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"சக்கரம் முனகுதா?"

"இல்லங்க."

"நல்லா இழைச்சிருக்காரு."

மறுநாள் விறகு வாங்கினேன். பிளந்து தருகிறேன் என்று எழுந்து வந்தார். வேண்டாம் என்று சொல்வதா, விட்டுவிடுவதா என்று தெரியாமலே கோடரியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.