வைத்தியர் வீட்டு நாயும் என் தேனடையும்

அசல் தேனில் நாய் வாய் வைக்காது என்று முதன்முதலில் கிளப்பிவிட்ட மகராசன் யாரோ தெரியாது. அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். நாய் எதில்தான் வாய் வைக்காது? செருப்பில் வைக்கிறது, காயப்போட்ட துணியில் வைக்கிறது. தேனைக் கண்டால் மட்டும் அதற்கு ஏகாதசி வந்துவிடுமா?

நான் கல்யாணமாகி அனந்தபுரத்துப் பக்கம் வந்த புதிதில் நடந்த கதை இது. ஒருநாள் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். தேனீ வளர்ப்பைப் பற்றி நீட்டி முழக்கிவிட்டு, பெட்டி வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் தூக்கினேன். தலையில் பேன் கடித்ததால்தான் கையைத் தூக்கினேன் என்று என் மாமனார் கடைசி வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தப் பொய். ஆசையாகத்தான் தூக்கினேன்.

கொல்லையில் புங்க மரத்தடியில் இரண்டு பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. எறும்பு ஏறாமல் இருக்க பெட்டியின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்கச்சி வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். காலையில் எழுந்ததும் தேனீக்களின் இரைச்சலைக் கேட்காவிட்டால் எனக்கு எதுவும் ஓடாது. புகுந்த வீட்டில் மாடு மாமனாருடையது, மல்லாட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலைக் கொல்லை மாமனாருடையது, வீட்டுக்காரரும் முக்கால்வாசி மாமனாருடையவர்தான். எனக்கே எனக்கென்று இருந்தவை அந்த இரண்டு பெட்டிகள் மட்டும்தான்.

அடையிலிருந்து தேனைச் சுற்றி எடுக்கிற மிஷின் ஒன்று எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது. அது அப்போது போயிருந்த ஊரில் ஒரு புண்ணியவதி அதில் மோர் கடைந்து வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "வெண்ண நல்லா தெரள்து, குடுக்க மாட்டேன்" என்றாள். போடி என்று வந்துவிட்டேன். அடையையே கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, வாழை இலையில் வைத்து அனந்தபுரம் சந்தையில் உட்கார்ந்தேன்.

சந்தை சனங்களுக்கு அடைத்தேனைத் தின்னத் தெரியவில்லை. மென்றுவிட்டு மெழுகைத் துப்ப வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்வேன். ஒருத்தர் முழுசாக விழுங்கிவிட்டு மறுவாரம் வந்து, "ஏம்மா, வயித்துல மெழுவு சேந்துட்ச்சே, திரி போட்டு ஏத்திக்கினு போவவா?" என்று சண்டைக்கு நின்றார். இன்னொருத்தி அதை இட்லிப்பானையில் வைத்து அவித்துவிட்டு, எல்லாம் உருகி ஓடிவிட்டது, பாதித் துண்டாவது திருப்பிக் கொடு என்றாள். அவித்தால் உருகாமல் உப்பி வருமா?

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். மாமனாரைத்தான் சமாளிக்க முடியவில்லை. என் கொழுந்தனாருக்குப் பெண் கொடுக்க, பெண் வீட்டார் பேச வந்திருந்த நாள் பார்த்து ஒரு தேனீ மாமனாரின் இடது இமையில் கொட்டியது. அவர் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. வலி கொஞ்சம் அடங்கி வந்தவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தபோது அந்தக் கண் தானாக மூடி மூடித் திறந்தது. எதிரே இருந்தது பெண்ணின் அம்மா. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முகம் சிவந்து எழுந்து, "பொண்ணு பேச கூப்ட்டாங்களா, என்னப் பாக்க கூப்ட்டாங்களா?" என்று தன் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். சம்பந்தம் அத்தோடு போச்சு.

"பொட்டிங்கள ஒடச்சி அடுப்புல வெய்யி!" என்று மாமனார் குதித்தார்.

நான் அழுதேன், சாப்பிடாமல் படுத்தேன், பாத்திரத்தையெல்லாம் சத்தமாக வைத்தேன். கடைசியில் பாத்திரச் சத்தம்தான் அவரைக் கொஞ்சம் இறக்கியது.

"சரி, திண்டிவனத்து வைத்தியரு வாங்கட்டும். அவரு வாங்கினா அது தேனு. பொட்டி இருந்துட்டுப் போவுது. வாங்கலன்னா வெறவு."

அந்த வைத்தியர் சொல்கிற லேகியத்தைத்தான் மாமனார் மூட்டு வலிக்குத் தேனில் குழைத்துத் தின்பார். வைத்தியர் வாக்கு அவருக்குச் சாமி வாக்கு. மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறினோம். விடிகாலையில் வெட்டிய அடை தூக்குவாளிக்குள் இலையில் இருந்தது. செஞ்சி தாண்டுவதற்குள் தேன் ஒழுகி, பக்கத்தில் இருந்தவரின் வேட்டி சீட்டோடு ஒட்டிக்கொண்டது. திண்டிவனத்தில் அவர் எழுந்தார், வேட்டி எழவில்லை. "பேஜாரா பூட்ச்சி" என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

வைத்தியர் தன் லேகியக் கடையில் வைத்து அடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடைன்னா மட்டும் நம்பிடலாமா? பூச்சிக்கே வெல்லத்தண்ணி ஊத்தி அடை கட்ட வெக்கிறாங்களாம். நம்ம நாயி பாத்துச் சொல்லட்டும். நல்ல தேன்னா மோந்துட்டு போயிடும்."

நான் குறுக்கே பாய்ந்தேன். "ஐயா, நாயி நக்குங்க. எங்க தெரு நாயி நான் வெட்டிப் போடற அடையை நக்கிக்கினுதான் இருக்குது."

"அப்போ அது தேன் இல்லம்மா."

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் பதில் சொல்வது? மாமனார் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாய் வந்தது. மிச்சம் மீதி லேகியத்தில் வளர்ந்த உடம்பு, கன்றுக்குட்டி கனத்துக்கு இருந்தது. கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தரையில் இலையை விரித்து அடையை வைத்தார்கள். நாய்க்கு வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. என் பெட்டிகள் அடுப்பில் எரிவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அங்காளம்மா, இந்த அமாவாசைக்கே மேல்மலையனூர் வருகிறேன், இந்த நாயின் பசியை மட்டும் அடக்கு என்று வேண்டிக்கொண்டேன்.

நாய் மூக்கைக் கொண்டுபோய் அடையில் வைத்தது. அவ்வளவுதான். வீல் என்று அது கத்திய கத்தலில் கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. நாய் கஷாயச் சட்டியைக் கவிழ்த்து, மாமனாரின் இரண்டு கால்களுக்கு நடுவில் புகுந்து, அவரையும் உட்காரவைத்துவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடியது. அடையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு பஸ் டிக்கெட் இல்லாமல் வந்த ஒரு தேனீ அதன் மூக்கில் கொட்டியதை நான் ஒருத்திதான் பார்த்தேன். அந்த மகராசிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வைத்தியர் கையைத் தூக்கினார். "இந்த மாதிரி சுத்தத்த நான் பாத்ததே இல்ல! வழக்கமா மோந்துட்டுப் போவும். இன்னிக்கு பயந்து ஓடுது!"

மாமனார் கஷாயத்தில் உட்கார்ந்தபடியே தலையாட்டினார். பெட்டிகள் பிழைத்தன. வேண்டிக்கொண்டபடி மலையனூருக்கும் போய் வந்துவிட்டேன்.

கொஞ்ச மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் மாமனாருக்கு மூட்டு வலி அதிகமாகி, நான் தனியாக அடையோடு திண்டிவனம் போனேன். வைத்தியர் கடையில் அலமாரி நிறையத் தேன் புட்டிகள்.

"உன் அடையப் பிழிஞ்சி பிழிஞ்சி கை வலிக்குதும்மா. இப்போ நெறைய பேரு புட்டியில குடுக்கிறாங்க. அத்தினியும் நாயி பாத்த தேனு."

ஒரு புட்டியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வெல்லப்பாகு. ஏலக்காய் போட்டால் பொங்கலே வைக்கலாம். அந்த நாய் புட்டி மூடி திறக்கும் சத்தத்துக்கே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. எனக்கு வந்ததே கோபம்.

"ஐயா, அதுக்கு பயம்ங்க! அன்னிக்கு தேனீ கொட்டின பயம். இப்போ வெளக்கெண்ணய வெச்சாலும் ஓடும்!"

"பயம் இல்லம்மா. ஞானம்" என்றார் வைத்தியர். சொல்லிவிட்டு மாமனாருக்கென்று லேகியமும், அந்தப் பாகில் ஒரு புட்டியும் கொடுத்தனுப்பினார்.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து புட்டியை மாமனார் எதிரில் வைத்தேன். "வைத்தியரு இனிமே என் அடைய வாங்க மாட்டாராம், மாமா" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நின்றேன். உலை வைக்கப் போனால் மாமனாருக்கு விறகும் பெட்டியும் ஞாபகம் வந்துவிடும் என்று அடுப்புப் பக்கமே போகவில்லை.

மாமனார் லேகியத்தை எடுத்தார், புட்டித் தேனை ஊற்றிக் குழைத்தார், வாயில் போட்டார். முகம் அப்படியே நின்றது. எழுந்து போய்க் கொல்லையில் துப்பிவிட்டு வந்தார்.

"இன்னாம்மா இது, பாகு!"

"நாயி பாத்த தேனாம், மாமா."

அவர் புட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார். விற்காமல் திரும்பி வந்திருந்த தூக்குவாளியைத் தானே திறந்தார். ஒரு துண்டு அடையை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குதப்பு குதப்பென்று குதப்பினார். மெழுகை ஒழுங்காக, நான் சந்தையில் தொண்டை வறளச் சொன்ன மாதிரியே, உள்ளங்கையில் துப்பினார்.

"நாயிக்கு இன்னா தெரியும்?" என்றார்.

"அப்போ பொட்டிங்க, மாமா?"

மாமனார் கையை வாளிக்குள் விட்டார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் யாரோ திட்டுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமனார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சொம்பும் கையுமாகப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். "தள்ளிப் போங்களேன், ஒங்களுக்குத்தான் ஊத்தறேன்" என்று தேனீக்களை அதட்டிக்கொண்டே கொட்டாங்கச்சிகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று கை வலது கண்ணுக்குப் போனது. நான் ஓடுவதற்குள் இமை பொம்மென்று வீங்கிவிட்டது.

"கொட்டிட்ச்சா, மாமா?"

"இன்னாத்த கொட்டறது? தூசி வுழுந்துட்ச்சி" என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் கண்ணால் தேடிப் பார்த்து, மிச்சமிருந்த கொட்டாங்கச்சியிலும் தண்ணீரை ஊற்றினார்.