மீனவர் ஏழு

முப்பத்துநாலு வயதில் சோதினைக்குப் படிக்கிறேன் என்றால் எங்கள் தீவில் யார் நம்புவார்கள்? "அவளுக்கு இன்னும் ஒரு சோதினை இருக்காம்" என்று அம்மா மடத்துவெளியில் கண்டவர்களிடமெல்லாம், எனக்கு ஏதோ மாறாத நோய் வந்ததுபோலச் சொல்லித் திரிந்தார். தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். கடல் உயிரியல், சமூகவியல், பொருளியல் மூன்றையும் சேர்த்த படிப்பு. ஆய்வை எழுதத் தொடங்குமுன் மூன்றிலும் எழுத்துப் பரீட்சை, பிறகு மூன்று பேராசிரியர்களும் ஒன்றாக இருந்து கேள்வி கேட்கும் வாய்மொழிப் பரீட்சை. தவறினால் படிப்பு அதோடு சரி. மூன்று துறை என்றால் மூன்று மாமியார் உள்ள வீடு. ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்கு ஆகாது.

என் ஆய்வு முழுவதும் ஒரே ஒரு மனிதரை நம்பி இருந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்து மீனவர் அவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய் ஊருக்குத் திரும்பிய வருடத்திலிருந்து கோயில் கலண்டரில் நாள்தோறும் குறித்து வந்திருந்தார்: வீசியது சோழகக் காற்றா கச்சான் காற்றா, எத்தனை கூடை நண்டு, எத்தனை திருக்கை. சில நாட்களில் சின்னதாக ஒரு புள்ளி. கடற்படை போட்ட எல்லையைத் தாண்டிப் போன நாட்கள் அவை. புள்ளி இருந்த நாட்களில்தான் மீனும் இருந்தது. எல்லைக்குள்ளே எல்லா வள்ளங்களும் முண்டியடித்து, கடலை வழித்துத் துடைத்து விட்டிருந்தன. இதைச் சொல்லும் கணக்கு வேறெங்கும் இல்லை. மற்ற மீனவர்கள் என்னைக் கண்டால் வலையைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிடுவார்கள்.

"என்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது தங்கச்சி" என்றுதான் அவர் கலண்டர்களைத் தந்தார். நான் குறிப்பேட்டில் 'மீனவர் ஏழு' என்று எழுதினேன்.

"மற்ற ஆறு பேரும் ஆர்?"

"ஒருத்தருமில்லை அண்ணை. ஒண்டெண்டு போட்டால் உங்களை மட்டும் தேடுவாங்கள். ஏழெண்டால் கூட்டமெண்டு நினைப்பாங்கள்."

"நீர் பொல்லாத ஆள்" என்று சிரித்தார்.

யுத்தத்தில் தெற்குக்குப் போகும் தரைப்பாதையைப் பூட்டியதற்கு அடுத்த வருடம் அது. பரீட்சைக்குப் போவதற்குக் கப்பலில் இடம் கிடைத்து நான் காத்திருந்தபோது, இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவரை வாசலில் நின்று கூப்பிட்டார்கள். பேசிவிட்டு வருகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர் திரும்பவில்லை. பொலிசில் கடற்படை முகாமுக்குப் போகச் சொன்னார்கள், முகாமில் பொலிசுக்குப் போகச் சொன்னார்கள். மனைவி இரண்டுக்கும் நடந்தார்.

நான் புறப்படும் முன் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். நான் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"நீர் பெரிய ஆக்கள் இருக்கிற இடத்துக்குப் போறீர். அங்கை அவரின்ரை பேரைச் சொல்லும். படிச்ச ஆக்களின்ரை காதிலை விழட்டும்."

"அண்ணை சொல்ல வேண்டாமெண்டவர், அக்கா."

"அது அவர் வீட்டிலை இருக்கேக்கை சொன்னது."

சொல்கிறேன் என்று அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று.

திருகோணமலைக்குக் கப்பல், அங்கிருந்து பஸ். எழுத்துப் பரீட்சைகளை ஒருவாறு எழுதி முடித்தேன். வாய்மொழிப் பரீட்சையில் கடல் உயிரியல் பேராசிரியர் என் குறிப்புகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மீனவர் ஏழு என்கிறீர்கள். ஒன்று முதல் ஆறு வரை எங்கே?"

இல்லை என்றேன். ஏன் ஏழு என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அப்படியானால் இந்த ஏழும் இல்லை என்று நான் எப்படி நினைக்காமல் இருப்பது? பெயரைச் சொல்லுங்கள். மீனவர் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்கிறேன்."

பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் பரீட்சையும் கைகூடும், அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறும். ஆனால் அறை மூலையில் யாரென்று தெரியாத ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்ப நான் படையினரிடம் இன்னொரு அனுமதி வாங்க வேண்டும். எங்கள் வீட்டு வாசலிலும் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கலாம். உண்மையைச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் அண்ணைக்குக் கொடுத்த வாக்கு என் நினைவிலேயே இல்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான்.

"சொல்ல ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

சமூகவியல் பேராசிரியை கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். தகவல் தந்தவரைத் தன் படிப்பையே பணயம் வைத்துக் காப்பாற்றும் மாணவி இவள், ஆய்வு நெறி என்பது இதுதான் என்றார். பொருளியல் பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். அறிக்கையில் என் நேர்மையைப் பாராட்டித் தனியாக ஒரு பத்தி இருந்தது. அதை ஒருமுறை வாசித்துவிட்டு அறிக்கையை மூடி வைத்தேன்.

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் போனேன். வாசலிலேயே கேட்டார்.

"அவரின்ரை பேரைக் கேட்டவையோ?"

"ஓம். கேட்டவை."

"சொன்னனீரோ?"

"சொன்னனான்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "என்ன சொன்னவை?" என்று கேட்கவில்லை. பேர் போய்ச் சேர்ந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. உள்ளே போய் ஆணியில் தொங்கிய அந்த வருடக் கலண்டரைக் கழற்றி வந்து என் கையில் தந்தார்.

"இதையும் கொண்டுபோம். உம்மடை படிப்புக்கு உதவும்."

வாங்கிக்கொண்டேன். சோழகம் என்று எழுதிய ஒரு நாளோடு குறிப்புகள் நின்றிருந்தன. பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. அண்ணையைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. கலண்டர் என் அலுமாரியில் இருக்கிறது. மேல் மூலையில் அவர் தன் கையாலேயே பேரை எழுதியிருக்கிறார். இப்போது அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதிலும் நான் அந்தப் பேரை எழுதவில்லை.