பத்தில் நின்ற கை

1963-ஆம் ஆண்டு, சேலத்தில் நடந்தது. அப்பா ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்த வாரம் அது. நான் பரிசோதனைக்கூடப் பயிற்சி முடித்து, ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

புது வீடு பழையதில் பாதிதான். சாமான்களைப் பிரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கோடு போட்ட நோட்டில் ஒரு பட்டியல்: சாமான், யாருக்கு, என்ன நிலை. குப்பைக்கு என்று ஒரு கட்டமே போடவில்லை. எதுவும் வீணாகக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம். கால் ஆடும் ஸ்டூலுக்குக்கூட ஆள் கண்டுபிடித்துவிட்டேன்.

பதினேழாவது வரியில் பித்தளை பம்ப் ஸ்டவ். அதைப் புளி போட்டுத் தேய்த்தேன், காற்றை வெளியேற்றும் காற்றுத் திருகுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினேன், எரியவிட்டுப் பார்த்தேன். 'நல்ல நிலை' என்று எழுதி, எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை துண்டும் சேலையும் மூட்டையாகக் கொண்டுவரும் அக்காவிடம் கொடுத்தேன். ஜலகண்டாபுரத்தில் வீட்டிலேயே தறி வைத்திருந்தவர் அவர்.

"ஏனுங்க சாமி, தங்கமாட்டம் மின்னுது! இது அடுப்பா, நகையா?" என்று சிரித்தார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் பாவு நூலுக்குக் கஞ்சி காச்சோணும். பெரிய குண்டாவ இதுலயே வெச்சிடறனுங்க."

அந்த ஞாயிறு காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். புது வீட்டில் புது ஸ்டவ். அம்மா பம்ப் அடித்தார். எட்டு, ஒன்பது, பத்து. கை தானாக நின்றுவிட்டது. தீ மஞ்சளாகப் புகைந்தது.

"இன்னும் அடி. இது என்ன, அந்த ஒட்டுப் போட்டதா?" என்று அப்பா கேலி செய்தார். அம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை; அந்த ஒட்டை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை.

பழைய ஸ்டவ்வின் எண்ணெய்த் தொட்டியில், அடிப்பக்கமாக, விரல் நீளத்துக்கு ஒரு ஈயப் பற்று உண்டு. நான் பள்ளியில் படித்தபோது கசிவு கண்டு அடைத்தது. பத்து அடிக்கு மேல் அடிக்காதீர்கள், பெரிய பாத்திரம் வைக்காதீர்கள், சூடு கீழே திரும்பினால் ஈயம் இளகிவிடும் என்று அடைத்தவர் அன்றே சொல்லியிருந்தார். அதன்பின் வீட்டில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. எல்லோர் கையும் பத்தில் நின்றுவிடும். நான் எரியவிட்டுப் பார்த்தபோதும் பத்துதான் அடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வெறும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூட லேபிள் ஒட்டுகிறவள் நான்.

மணி பத்தே முக்கால். அப்பா சட்டை மாட்டும்வரை நிற்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

தாரமங்கலம் தாண்டியதும் பஸ் நின்றது. சாலை முழுக்கச் செம்மறி ஆடுகள். எழுந்து எட்டிப் பார்த்தேன். "அவசரம்னா ஆட்டுக்கிட்டச் சொல்லுங்க, நாஞ் சொன்னாக் கேக்காது" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. என் மனதில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்ற இரண்டு நிமிடம். பர்னரைச் சூடேற்ற மூன்று நிமிடம். கஞ்சி கொதிக்க முக்கால் மணி. ஈயம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது மட்டும் தெரியவில்லை.

ஜலகண்டாபுரத்தில் இறங்கினால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். சேலத்துக்குத் துண்டு கொண்டுபோகும் அக்கா வீடு எது என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். கை காட்டிய வீட்டை நெருங்கும்போதே அந்த இரைச்சல் கேட்டுவிட்டது. ஸ்டவ் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

வீடு ஒரே அறை. ஒருபுறம் தறி, கயிற்றில் நூல் கற்றைகள், விட்டத்திலிருந்து தொங்கிய தூளியில் ஒரு குழந்தை. மூலையில் பெரிய குண்டா. அக்கா கிண்டிக்கொண்டிருந்தார். அவர் கணவர் குந்தி உட்கார்ந்து பம்ப் அடித்துக்கொண்டிருந்தார். அடுப்புக் கொடுத்தவர் இவர்தான் என்று அக்கா என்னைக் காட்டினார்.

"வாங்க, வாங்க! நாப்பது அடி அடிச்சாப் போதுமுங்க, நீலமா எரியுது" என்றார் கணவர் பெருமையாக.

"கையை எடுங்க! கொழந்தையத் தூக்கிட்டு வெளிய போங்க!"

அவர் முகம் மாறியது. "குடுத்ததத் திருப்பி வாங்கவா இத்தன தூரம் வந்தீங்க?"

"அடியில ஒட்டு இருக்கு. விட்டுப்போனா வெடிச்சிடும்!"

அக்கா அடுத்த கேள்வி கேட்கவில்லை. தூளியிலிருந்து குழந்தையை வாரிக்கொண்டு வெளியே பாய்ந்தார். கணவரோ "நூலு, நூலு" என்று கயிற்றின் பக்கம் ஓடினார். நான் ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு காற்றுத் திருகைப் பிடித்தேன். அசையவில்லை. புது வாஷர் போட்டு அத்தனை இறுக்கமாக முடுக்கியவள் நான்தானே. துணி வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. துணியை உதறிவிட்டு வெறும் விரலால் திருப்பினேன். தோல் வெந்தது. பிறகு ஸ்டவ்விலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு போலக் காற்று வெளியேறியது. தீ சுருங்கி அணைந்தது.

குண்டாவை அக்காவின் கணவரும் நானும் இறக்கிவைத்தோம். ஸ்டவ்வைத் தெருவில் கொண்டுபோய் வைத்தபோது, அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் விடாமல் சொட்டியது. ஈயப் பற்றின் ஒரு முனை, நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பத்து அடிக் கணக்கையும் சொன்னேன். அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த ஒட்டையே பார்த்தார்.

"இத நான் அன்னிக்கே பாத்தனுங்க. தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமான்னுதான் கேக்காம உட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாங்கற எங்களால கேக்க முடியாது சாமி. குடுக்கற நீங்கதான் சொல்லோணும்."

அவர் வாசலில் கல் கூட்டி விறகைப் பற்றவைத்தார். குண்டாவை ஏற்றிவிட்டு, கரண்டியை என் நல்ல கையில் கொடுத்தார். "அடிபுடிச்சுப் போகும். கிண்டுங்க." கஞ்சி கொதித்து இறங்கும்வரை கிண்டினேன். ஸ்டவ்வைத் துணியில் கட்டி, திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை நோட்டைத் திறந்து, பதினேழாவது வரியில் இருந்த 'நல்ல நிலை'யை அடித்தேன். மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டுமே தெரிந்த குறை, இன்னும் நான்கு சாமான்களில் இருந்தது. விரலில் கட்டோடு நான்கு வீடுகளுக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது எதைக் கொடுத்தாலும், அதன் குறையை ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டி, வாயாலும் ஒருமுறை சொல்லித்தான் கொடுக்கிறேன்.

அந்தப் புது ஸ்டவ் பழசான பிறகும், அம்மா பத்து அடித்ததும் ஒரு கணம் கையை நிறுத்துவார். அப்போதெல்லாம் அந்தத் தூளி என் கண்முன் ஆடும்; கேட்க முடியாதவர்களுக்கு நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே மறுபடியும் சொல்லிக்கொள்வேன்.